காந்தம் ஒட்டாத கதவு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பாவின் பேஜோ 404 ஸ்டேஷன் வேகனை விற்கப் போகிறேன். மூன்று வரிசை இருக்கை. இரண்டு ஆண்டுகளாக இயந்திரம், கிளச், பிரேக், ரேடியேற்றர் எல்லாம் செய்து முடித்துவிட்டேன். கந்தளாய் வரை போய் வந்தும் சூடேறவில்லை. உடலில்தான் அங்கங்கே கறள். பெயின்ற் அடித்துவிட்டு விற்கும்படி எல்லோரும் சொல்கிறார்கள். (உவர்மலை)

பதில்: அந்த ‘எல்லோரி’ல் ஒருவராவது உங்கள் வண்டியை வாங்கப் போகிறாரா? அடிக்காதீர்கள்.

நம் ஊர் உப்புக் காற்றில் சுவரில் அடித்த ஆணிகூடக் கறள் பிடிக்கிறது. இங்கே ஒரு பழைய வேகன் பளபளவென்று நின்றால், விஷயம் தெரிந்தவன் முதலில் சந்தேகப்படுவான். விற்பதற்காக அடிக்கிற பெயின்றுக்குக் கீழே, கறள் தின்ற இடத்தை நிரப்பும் புட்டிப் பசைதான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் போயிற்று. 2003இல் குருநாகலில் ஒரு கிளிப்பச்சை வேகன் வாங்கினேன். கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மகன் தன் விளையாட்டுக் காந்தத்தைக் கதவில் வைத்தான். அது வழுக்கிக்கொண்டு வந்து என் செருப்பின்மேல் விழுந்தது. கதவின் கீழ்ப்பாதி முழுவதும் புட்டிப் பசை. மாரி தொடங்கியதும் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன், வீதி தெரிந்தது.

ஆகவே கறளைச் சுரண்டி, தடுப்புப் பூச்சு மட்டும் பூசி, அப்படியே காட்டுங்கள். பற்றுச்சீட்டுகளைத் திகதிவாரியாகக் கோவையில் போடுங்கள். கழற்றிய பழைய கிளச் தட்டு இன்னும் கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள். ஆள் வருவதற்கு முன் இயந்திரத்தைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த வண்டி எப்படிப் பிடிக்கிறது என்று அவரே பார்க்கட்டும். 404ஐக் கைப்பிடி போட்டுச் சுற்றியும் ஸ்டார்ட் செய்யலாம். அந்தக் கைப்பிடி உங்களிடம் இருந்தால் பாதிப் பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

இந்த வேகன்களுக்கு டீசல் இயந்திரம் மாற்றியவர்கள் ஏராளம். உங்களுடையதில் பழைய 1618 சி.சி. பெற்றோல் இயந்திரமே இருந்தால் விளம்பரத்தின் முதல் வரியில் அதைப் போடுங்கள். மாற்றியிருந்தால், புதிய இயந்திர இலக்கம் பதிவுச் சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விலை சொல்லும்போது செலவை எல்லாம் கூட்டிச் சொல்ல வேண்டாம். உங்கள் இரண்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

கேள்வி: 1967ஆம் ஆண்டு வேகன். மீற்றரில் 38,000 மைல்தான் காட்டுகிறது. நம்பலாமா? (நிலாவெளி)

பதில்: ஐந்து இலக்க மீற்றர் என்றால் 99,999க்குப் பிறகு மறுபடி பூச்சியத்தில் தொடங்கும்; இது எத்தனையாவது சுற்று என்று கேளுங்கள்.

கேள்வி: இரவில் பார்த்து, பிடித்துப்போய், ஓப்பன் பேப்பரில் (பழைய உரிமையாளர் கையொப்பமிட்ட, வாங்குபவர் பெயர் எழுதாத படிவத்தோடு) ஒரு வேகன் வாங்கினேன். பதிவு உரிமையாளர் இறந்துவிட்டார் என்று இப்போதுதான் தெரிகிறது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. (பாலையூற்று)

பதில்: இருட்டில் மாடுகூட வாங்க மாட்டார்களே, ஐயா! இனி இறந்தவரின் வாரிசுகளைத் தேடிப் பிடித்து, ஒரு சட்டத்தரணியிடம் போக வேண்டியதுதான். அதுவரை அந்த வண்டிக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். உவர்மலைக்காரரும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்: பெயர், திகதி எழுதாத எம்.டி.ஏ. 6 என்ற உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பம் வைத்துக் கொடுக்காதீர்கள். விற்றவுடன், விற்றவர் கொடுக்கும் அறிவித்தல் படிவமான எம்.டி.ஏ. 8ஐ நிரப்பி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால், வாங்கியவன் எங்கோ இடித்துவிட்டுப் போக, பொலிஸ் உங்கள் படலையைத்தான் தட்டும்.

கேள்வி: காலமான கணவரின் மொரிஸ் வேகனைத் திருத்தக் கொடுத்தேன். 85,000 ரூபாய் முற்பணம் வாங்கிய கராஜ்காரர் பற்றுச்சீட்டுத் தரவில்லை. ஐந்து வாரமாகிறது. போய்ப் பார்த்தால் காபரேற்றரையும் காணவில்லை. (கிண்ணியா)

பதில்: சகோதரி, பற்றுச்சீட்டு இல்லாதது உங்கள் குற்றமில்லை. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். காசு கொடுத்த நாள், கூட நின்றவர்கள், பேசிய வேலை எல்லாவற்றையும் இன்றே எழுதி வையுங்கள். வண்டி தெரிந்த உறவினர் ஒருவரோடு போய், திறந்த பொனட்டைப் படம் எடுத்து, கழற்றிய பாகங்களுக்குக் கையொப்பத்தோடு பட்டியல் கேளுங்கள். மறுத்தால் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், ஆகவே அவருடைய ‘அடுத்த கிழமை’களை நம்பி இருந்துவிடாதீர்கள். காபரேற்றர் போனதற்குப் பொலிஸிலும் ஒரு முறைப்பாடு போடுங்கள். கடிதம் எழுதத் துணை வேண்டுமென்றால் விவரங்களை அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன்.