ஆராய்ச்சிக் கட்டுரைகளை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டால் ஏழை நாடுகள் முன்னேறிவிடுமா?

நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். திறந்துவிட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு கட்டுரையைப் படிக்க முப்பது டாலர் கேட்டால் எந்த மாவட்ட மருத்துவமனை டாக்டர் கட்டுவார்? 2002-இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய ஹினாரி திட்டம், ஏழை நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவ இதழ்களை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் கட்டுரை கைக்கு வந்த பிறகுதான் பெரிய வேலையே இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு வங்கதேசத்தில் கொடுத்த உப்பு, வெல்லக் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள்.

காலரா நோயாளி சாவது உடம்பில் நீர் வற்றிப்போவதால். குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் உப்பை உறிஞ்சும், உப்போடு தண்ணீரும் உள்ளே போகும். வாயால் குடிக்கக் கொடுத்தே ட்ரிப்ஸ் தேவையைப் பெருமளவு குறைக்கலாம் என்று 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் காட்டினார்கள். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பொங்காவ் அகதி முகாமில் ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் கரைசலை டிரம்மில் கலந்து வைத்தார், நோயாளிகளின் சொந்தக்காரர்களே புகட்டினார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 1978-இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் இதை இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது.

ஆக, விஷயம் ரகசியமாக இல்லை. ஆனாலும் கிராமங்களில் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டுதான் இருந்தன.

1980-இல் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம் பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. அவர்கள் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர். தராசு வேண்டாம், பாக்கெட்டும் வேண்டாம். அரை சேர் எவ்வளவு என்பதற்கு, அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அடையாளம் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு அந்த அம்மாவையே கலக்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சம்பள ஏற்பாடு. சில வாரம் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளை மட்டும் பொறுக்கி, சொல்லிக்கொடுத்த பத்து விஷயங்களில் எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார், கரைசலையும் கலக்கச் சொல்வார். அந்த அம்மா எவ்வளவு சரியாகச் செய்கிறாரோ அதைப் பொறுத்து ஊழியருக்குப் பணம். நம்மூர்ப் பயிற்சி முகாம்களில் வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்து, குரூப் போட்டோ இருக்கிறதா என்பதுதானே கணக்கு!

அதற்கும் பிறகு ஒரு சிக்கல் வந்தது. அம்மாக்கள் சரியாகக் கலந்தார்கள், ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது மிகச் சிலரே கொடுத்தார்கள். விசாரித்தால், ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசியிருக்கவும் இல்லை. எனவே ஊழியர்களை டாக்காவிலிருந்த வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப்போய், கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். கடைவீதியிலும் மசூதியிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள், வானொலியிலும் சொன்னார்கள். 1990-க்குள் சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போயிருந்தார்கள்.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அலை உயரக் கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் யாருக்கும் கிடைத்தது, வீராம்பட்டினத்து மீனவருக்குத்தான் கிடைக்கவில்லை. மையத்தில் அதை எடுத்து, தமிழில், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதும்.

கேள்வி கேட்ட மாணவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கும்படி, தாராளமாக ஓப்பன் ஆக்சஸில் போடுங்கள். ஆனால் அடுத்த முறை நிதி கேட்டு எழுதும்போது, வெளியீட்டுக் கட்டணத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள். ஒன்று, ஊருக்குப் போய் விவசாயிகளிடம் சொல்பவரின் சம்பளம். இன்னொன்று, ஆறு மாதம் கழித்துப் போய் என்ன ஆயிற்று என்று கேட்பவரின் பயணப்படி. பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் அடிக்கப்போவது அந்த இரண்டு வரிகளைத்தான், விட்டுக்கொடுக்காதீர்கள்.