கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: என் மகள் பி.இ. கடைசி ஆண்டு படிக்கிறாள். இங்கிலாந்தில் முதுகலை படிக்க ஆசை. நாங்கள் பட்டியல் சாதியினர், கணவர் பெயின்டர். அரசே செலவை ஏற்கும் என்கிறார் ஓர் ஏஜென்ட், அதை வாங்கித்தரத் தனக்கு இரண்டு லட்சம் கேட்கிறார். கணவரோ, 'இலவசமாகப் படித்தால் மதிப்பிருக்காது' என்கிறார். என்ன செய்வது?
வாசகி, வியாசர்பாடி

பதில்: ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு உங்கள் மகளே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணம், விமான டிக்கெட், விசா, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதில் அடங்கும். இங்கிலாந்து என்றால் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆண்டுக்கு 9,900 பவுண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், பட்டப்படிப்பில் 60 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் நாடு முழுவதற்கும் 125 இடங்கள்தான். சேர்க்கைக் கடிதத்தில் நிபந்தனை ஏதும் இருக்கக் கூடாது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது; சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் நலத்துறையில் நேரில் போய்க் கேளுங்கள்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். மகளின் எல்லாச் சான்றிதழ்களையும் பாயில் வரிசையாகப் பரப்பி, பெயரை மட்டும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். என் அக்கா மகளுக்கு மதிப்பெண் பட்டியலில் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. சாதிச் சான்றிதழில் அதே அப்பா பெயரில் ஓர் 'ஹெச்' கூடுதல். அந்த ஓர் எழுத்தைத் திருத்த ஒரு தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தாள். வாசலில் மனு எழுதுபவரின் மேஜையருகே பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. திருத்தம் கைக்கு வந்தபோது கடைசித் தேதி போய்விட்டது. ஓர் ஆண்டு வீண். வருமானச் சான்றிதழும் அப்படித்தான், பழையதை நம்பி இருக்காதீர்கள்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: 1913-இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில்தான். மாதம் பதினொன்றரை பவுண்டு. அந்தப் படிப்பின் மதிப்பு எங்கே குறைந்தது? சுவருக்குச் சுவர் ஏணி மாற்றி உழைக்கிறவர் உங்கள் கணவர். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறார். இது அவர் பணமும்தான்.

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் தம்பிக்குத் தொழிற்பயிற்சிதான் பிடிக்கிறது. வெளிநாட்டில் அதற்கு உதவி கிடைக்குமா?
வாசகர், தாம்பரம்

பதில்: கிடைக்கும். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மூன்று ஆண்டுகள், முதல் ஆண்டு முழுக்க ஜப்பானிய மொழி. கட்டணம் கிடையாது, மாதம் 1,17,000 யென் தருகிறார்கள். எழுத்துத் தேர்வில் கணக்கும் ஆங்கிலமும் உண்டு. கணக்கை இப்போதே தூசி தட்டச் சொல்லுங்கள்.