ஏர் ஆம்புலன்ஸ்: டர்பன் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

நோயாளிகளோடு பறக்கும் செவிலியர் ஒருவர், தென்னாப்பிரிக்கத் தமிழ் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

டோங்காட்டிலிருந்து: அக்கா, என் அண்ணன் மங்குசியில் கடை வைத்திருக்கிறார். திடீரென்று மாரடைப்பு வந்தால் ஹெலிகாப்டரை நாங்களே கூப்பிடலாமா?

முடியாது தம்பி. 10177க்கோ, கைபேசியிலிருந்து 112க்கோ அழையுங்கள். முதலில் தரை ஆம்புலன்ஸ்தான் வரும். மருத்துவமனையில் பார்க்கிற டாக்டர் மாகாணக் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்ட பிறகே விமானமா, ஹெலிகாப்டரா, சாலையா என்று முடிவாகும். மங்குசி மொசாம்பிக் எல்லையோரம். டர்பனுக்குச் சாலையில் வர பல மணி நேரம் பிடிக்கும். அதனால் நெஞ்சு வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்று அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: நாடு முழுவதற்கும் ஒரே ஏர் ஆம்புலன்ஸ் சேவை ஏன் இல்லை?

1996 அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி ஆம்புலன்ஸ் மாகாணங்களின் பொறுப்பு. ஒன்பது மாகாணம், ஒன்பது பட்ஜெட். செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏர் மெர்சி சர்வீஸ் 1966இலேயே தொடங்கிவிட்டது. மாகாணங்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் அது பறக்கிறது.

விமானம் வாங்கினால் மட்டும் சேவை வந்துவிடாது. ஒருவரை மாற்ற வேண்டுமென்றால் ஏற்றுக்கொள்ளும் டாக்டர், தீவிர சிகிச்சைப் படுக்கை, ஓடுபாதையின் இரு முனையிலும் ஆம்புலன்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் விமானம் தரையிலேயே நிற்கும். எனவே எனக்கு முதலில் வேண்டியது, ஒன்பது மாகாணத்துப் படுக்கைகளும் ஒரே திரையில் தெரிகிற பொதுக் கட்டுப்பாட்டு அறை. மாகாணங்கள் ஒத்துக்கொண்டால் அரசியலமைப்பைத் தொடாமலே இதைச் செய்யலாம். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அதே அரசியலமைப்பின் 27(3) சொல்கிறது. மாகாண எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்த குழந்தைக்கும் அது பொருந்தும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: விபத்தில் மாமாவுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிட்டது. நெஞ்சில் குழாய் போட்ட பிறகுதான் விமானத்தில் ஏற்றினார்கள். ஏன் அந்தத் தாமதம்?

அது தாமதமில்லை, உயிர்காப்பு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், உடலுக்குள் சிக்கிய காற்று விரியும். கேபின் அழுத்தம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருந்தால் அந்தக் காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். நுரையீரலை அது நசுக்கிவிடும். குழாய் இருந்தால் காற்று வெளியேறும். சில நேரம் பைலட்டைத் தாழ்வாகப் பறக்கச் சொல்வோம்.

மெரிபேங்கிலிருந்து: அம்மாவோடு நானும் பறக்கலாமா?

பெரும்பாலும் இடமிருக்காது. குழந்தை நோயாளி என்றால் சில நேரம் தாயை ஏற்றுவோம். எடையைப் பார்த்துப் பைலட்தான் முடிவு சொல்வார். அம்மாவின் மருந்துப் பட்டியலையும் உங்கள் கைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டாங்கரிலிருந்து: எங்கள் பள்ளி மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்க வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

தகரம், பிளாஸ்டிக், துணி எதுவும் கிடக்கக் கூடாது. காற்று தூக்கி அடிக்கும். மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். குழுவினர் கையசைத்துக் கூப்பிடும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. கூப்பிட்டாலும் முன்பக்கமாக மட்டுமே போக வேண்டும், வால் பக்கம் போகவே கூடாது.