களவுபோன பள்ளி மடிக்கணினியை மேக் முகவரி கொண்டு கண்டுபிடிக்க முடியுமா?

காணாமல் போன மடிக்கணினியின் மேக் முகவரி (அதன் நெட்வொர்க் வன்பொருளுக்குரிய அடையாள எண்) பள்ளியின் பதிவேட்டில் இருக்கிறது, அதை வைத்து இணையத்தில் தேட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. 48 பிட் நீளமுள்ள அந்த முகவரி முதல் ரவுட்டரைத் தாண்டிச் செல்வதில்லை. ஆகவே எடுத்துச் சென்றவர் தம் வீட்டிலிருந்து இணைந்தால் உங்களுக்கு எதுவும் தெரியவராது.

கணினி வளாகத்துக்குள்ளேயே இருந்தால் (வேறொரு வகுப்பறை அலமாரியில் கிடப்பதும் உண்டு) நிலைமை வேறு. கணினிகளுக்கு ஐபி எண் (நெட்வொர்க் முகவரி) வழங்கும் டிஎச்சிபி சர்வரின் பதிவுகளில் அந்த முகவரிக்கு எப்போது ஐபி எண் வழங்கப்பட்டது என்பதையும், நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் கருவியான சுவிட்சின் முகவரி அட்டவணையில் எந்தப் போர்ட் (கேபிள் செருகும் துளை) வழியாக அது வருகிறது என்பதையும் பார்த்து, அந்தக் கேபிள் போகும் அறையை அடையலாம். வைஃபையில் மேக் முகவரியை மாற்றிக் காட்டும் வசதி புதிய இயங்குதளங்களில் இருப்பதால், பள்ளிக் கணினிகளில் அதை முன்பே அணைத்து வைப்பது நல்லது.

வெளியே போய்விட்ட கணினிக்கு, முன்கூட்டியே நிறுவப்பட்ட கண்காணிப்பு மென்பொருள் அனுப்பும் பொது ஐபி முகவரி உதவும். ஆனால் அதற்குரிய சந்தாதாரரின் விவரத்தை இணையச் சேவை நிறுவனம் காவல்துறைக்குத்தான் தரும் என்பதால், வரிசை எண்ணுடன் புகார் அளித்தே ஆக வேண்டும்.

கேமராவைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதியை மட்டும் தொடாதீர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி நிர்வாகம், திருட்டைத் தடுக்கவென்று வைத்த இவ்வசதியால் மாணவர்களை வீட்டிலேயே படம்பிடித்ததாக 2010இல் வழக்கைச் சந்தித்து, 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.