சூடானால் நிற்கும் ஸ்பிட்ஃபயர்: கார்புரேட்டரை மாற்றச் சொன்னால் மாற்றலாமா?

கேள்வி: சார், மாமா இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 இப்போது என்னிடம் இருக்கிறது. இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகி, திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆரில் அருமையாக ஓடுகிறது. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனதும் மிஸ்ஸிங் அடித்து, சைலன்சரில் டப் டப்பென்று வெடித்து நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் இரண்டு கார்புரேட்டரையும் பிரித்து வெளிநாட்டு கிட் போட்டு ரூ.18,500 வாங்கினார், பில் கிடையாது. கோளாறு அப்படியே இருக்கிறது. இப்போது எஸ்.யூ.வைத் தூக்கிவிட்டு மாருதி 800 கார்புரேட்டர் மாட்டிவிடலாம், இன்னும் ரூ.12,000 ஆகும் என்கிறார். செய்யலாமா? (அடையாறு வாசகர்)

பதில்: வேண்டாம். தயவுசெய்து அந்த ரூ.12,000-ஐக் கொடுத்துவிடாதீர்கள், எஸ்.யூ.வையும் கையைவிட்டுப் போக விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு முதல் சந்தேகம் கார்புரேட்டர் மேல் வரவே இல்லை. ஜெட்டில் அழுக்கு இருந்தால் காலையிலும் இருக்கும், சாயங்காலமும் இருக்கும். சூடானால் வந்து ஆறினால் போகிற கோளாறு என்றால், அதிலும் சைலன்சரில் வெடிப்பும் சேர்ந்துகொண்டால், முதலில் பார்க்க வேண்டியது ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை உண்டாக்கும் காயிலும், அதோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டன்சர் என்ற சின்னச் சாமானும். வெடிப்பு ஏன் வருகிறது? ஸ்பார்க் விட்டுப்போன சிலிண்டரின் பெட்ரோல் எரியாமலே வெளியே போய், சூடான சைலன்சரில் பற்றிக்கொள்கிறது.

என்னிடம் முன்பு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது, நம்முடைய வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரான வண்டி. ஸ்பிட்ஃபயரின் சேசிஸே ஹெரால்டின் சேசிஸிலிருந்து வந்ததுதான், இன்ஜினும் ஒரே குடும்பம். அதிலும் இதே கதை நடந்தது. மூன்று முறை கார்புரேட்டரைப் பிரித்த பிறகு ஒரு வயதான மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, சி.பி. பாயிண்ட் (காயிலுக்குப் போகிற மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்து மூடும்போது பளீரென்று பெரிய பொறி அடிப்பதைக் காட்டினார். கண்டன்சர் நன்றாக இருந்தால் அங்கே அவ்வளவு பொறி வராது. சில நூறு ரூபாய்ச் சாமானை மாற்றியதும் வண்டி சரியாகிவிட்டது.

அதனால் வண்டி நிற்கிற அந்த நிமிடத்தில் பார்க்க வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்கு ஆறிய வண்டியை இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினால் எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு ஸ்பார்க் டெஸ்டரை டேஷ்போர்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நின்றவுடன் ஒரு பிளக் வயரில் மாட்டி, செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். நீலமாக, கெட்டியாக அடித்தால் ஸ்பார்க் சரி. மஞ்சளாக மெலிந்தோ, விட்டு விட்டோ வந்தால் முதலில் கண்டன்சரை மாற்றுங்கள். அப்புறம் காயில். ஸ்விட்சை அணைத்துவிட்டு, காயில் மேல் ஈரத்துணியைச் சுற்றி ஆறவைத்த உடனே வண்டி உயிர் பெற்றால் காயில்தான். மல்டிமீட்டரில் பிரைமரி ரெசிஸ்டன்ஸ் சுமார் 3 ஓம் காட்ட வேண்டும். காயிலுக்குப் போகிற மின்சாரத்தைக் குறைக்கும் பலாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டிக்கான 1.5 ஓம் காயிலை யாராவது உங்கள் வண்டியில் மாட்டியிருந்தால், அது கொதித்துப் போய் இப்படித்தான் செய்யும். பாயிண்ட் இடைவெளி 0.38 மி.மீ., பிளக் இடைவெளி 0.6 மி.மீ. ஒட்டி இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றி ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் ரோட்டரையும் விடாதீர்கள், இப்போது கிடைக்கிற மலிவு ரோட்டர்களில் நடு ரிவெட் வழியாக ஸ்பார்க் கசிந்து ஷாஃப்டுக்கு இறங்கிவிடுகிறது.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் மட்டும் பெட்ரோல் பக்கம் வாருங்கள். வண்டி நிற்கும்போது பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. இன்னொன்று, இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். மே மாத வெயிலில், மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றால் சூடு அப்படியே மேலே ஏறி மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோலைக் கொதிக்க வைத்துவிடும். நடுவில் இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகட்டை யாரும் கழற்றிப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். கொதிக்கிற இன்ஜின் மேல் பெட்ரோல் குழாயைக் கழற்றிச் சோதிக்க மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

பழைய ரப்பர் ஹோஸ்களைக் கட்டாயம் மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது அந்தக் காலத்து ரப்பரை ஊறவைத்துப் பொடியாக்கும், ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்தால் டாங்க் அடியில் தண்ணீர் சேரும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு, ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

எஸ்.யூ. எளிமையான சாமான். ஏர் பில்ட்டரைக் கழற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் டக்கென்று அடியில் போய் உட்கார வேண்டும். மேலே டாம்பர் குழாயில் 20 கிரேடு மெல்லிய ஆயில் இருக்க வேண்டும், அது வற்றினால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது வண்டி திக்கும். திராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து ஆடினால் காற்று கசிந்து ஐடிலிங் நிற்காது, அதற்கு லேத்தில் புஷ் போட்டுக்கொள்ளலாம். ஒற்றை மாருதி கார்புரேட்டரை மாட்ட மேனிஃபோல்டையே மாற்ற வேண்டிவரும். வண்டியின் அசல் தன்மையும் போய், விற்கும்போது மதிப்பும் போய்விடும்.

கேள்வி: அப்படியானால் கொடுத்த ரூ.18,500? (அதே வாசகர்)

பதில்: முதலில் கழற்றிய பழைய பாகங்களையும் பில்லையும் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே பணம் கொடுத்ததற்குச் சாட்சி. வேறு மெக்கானிக் கண்டன்சரை மாற்றிச் சரிசெய்தால், கோளாறு எதில் இருந்தது என்று அவர் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கோளாறு தீராததற்கே முழுப் பணமும் திரும்பும் என்று சொல்ல மாட்டேன், கிட் உண்மையிலேயே போட்டிருந்தால் அந்தச் சாமானின் விலையை அவர் கழிக்கக் கேட்பார். கூலிக்காவது பேசிப் பாருங்கள்.

கேள்வி: பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் வாங்கினேன், மாட்டியதும் செத்துவிட்டது. கடைக்காரர் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லைக் காட்டுகிறார். (மயிலாப்பூர் வாசகர், 1962 எம்.ஜி.)

பதில்: பொருளில் குறை என்றால் அந்த வரி செல்லாது. பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டப்படி தவறுதான். ஆனால் உங்கள் வண்டி 1962. அந்தக் காலத்து எம்.ஜி.யில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். நெகட்டிவ் எர்த் வண்டிக்கான கிட்டை அதில் மாட்டினால் சுவிட்ச் போட்ட நொடியில் எரிந்துபோகும், அப்போது குறை கடைக்காரருடையது இல்லை. அட்டைப்பெட்டியில் எந்த எர்த் என்று போட்டிருக்கிறது, நீங்கள் வாங்கும்போது வண்டியின் ஆண்டைச் சொன்னீர்களா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.