சுவரை மூடுவதற்கு முன்

தம்பி, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் நீங்கள் வாங்கியிருக்கும் பழைய வீட்டின் நிலக்கீழ்த்தளத்தை வாடகைக்கு விடும்படி திருத்த வேண்டும், அதற்கு எங்கள் தமிழ் ஆட்களைப் பிடிப்பதா வெளியாட்களைப் பிடிப்பதா, தரை ஓடு எங்கே மலிவு, சுவருக்கு எந்த நிறம் பொருந்தும் என்று கேட்டிருந்தீர்கள். ஓடும் நிறமும் உங்கள் மனைவி தீர்மானிக்க வேண்டியவை; அவற்றில் நான் தலையிட மாட்டேன். ஆளைத் தெரிவுசெய்வது பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன்.

1991 மார்கழியில் ரொறன்ரோவுக்கு வந்தபோது நாங்கள் ஐந்து பேர் ஒரு நிலக்கீழ்த்தளத்தில்தான் குடியிருந்தோம். கூரையோடு ஒட்டியிருந்த ஒரே யன்னல் சப்பாத்துப் பெட்டியளவு. பனி கொட்டினால் அதுவும் அடைபட்டுவிடும். வெளியே போக ஒரே படிதான், அதுவும் வெப்பமூட்டும் உலையின் பக்கத்தால். மீன் பொரிக்கும் போதெல்லாம் அலறுகிறதென்று புகை எச்சரிக்கைக் கருவியின் பற்றரியைக் கழற்றி வானொலிக்குப் போட்டவர்கள் நாங்களே. அன்று அது எங்களுக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. இன்று யாராவது நிலக்கீழ்த்தளம் என்று வாய் திறந்தால் என் கண் முதலில் யன்னலைத்தான் தேடுகிறது. படுக்கையறை இருக்கும் தளத்திலிருந்து நேரே வெளியே போகக் கதவு இல்லாவிட்டால், கருவி எதுவுமின்றி உள்ளேயிருந்து திறக்கக்கூடிய, குறைந்தது 0.35 சதுர மீட்டர் திறப்புள்ள, எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையாத யன்னல் வேண்டும் என்று ஒன்ராறியோவின் கட்டட விதி சொல்கிறது. விலை சொல்ல வருபவரிடம் வேறெதையும் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணை" என்பவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

என் முதல் வீட்டில் 2004ஆம் ஆண்டு இந்த வேலையைச் செய்வித்தபோது, ஊரில் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த ஒருவரிடம் ஒப்படைத்தேன். நகரசபை அனுமதி எடுத்தால் வீட்டு வரி கூடும், எடுக்காமலே முடித்துத் தருகிறேன், காசாகத் தந்தால் வரியும் இல்லை என்றார். எனக்கும் அது இனித்தது. மூன்று வருடம் கழித்துக் குளியலறைக்கு வெளியே ஒரு விளக்கு மின்னி மின்னி எரியத் தொடங்கியது; சுவரில் கை வைத்தால் இளஞ்சூடு தெரிந்தது. உரிமம் பெற்ற மின்வேலையாளர் ஒருவரை அழைத்தேன். அவர் சுவர்ப் பலகையில் ஒரு சதுரம் வெட்டி எடுத்துக் காட்டினார்: இரண்டு வயர்கள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு, கறுப்பு நாடாவால் சுற்றப்பட்டு, மின்இணைப்புப் பெட்டி எதுவும் இல்லாமல் மரச்சட்டத்தில் சாய்ந்து கிடந்தன, நாடா உருகி மரத்தில் பழுப்பாக ஒட்டியிருந்தது. இணைப்பு எதுவானாலும் பெட்டிக்குள், பிறகு திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அந்தச் சுவருக்கு அப்பால்தான் என் பிள்ளைகள் படுத்திருந்தார்கள்.

ஒன்ராறியோவில் கூலிக்கு மின்வேலை செய்ய மின்பாதுகாப்பு அதிகாரசபையின் உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு மட்டுமே அனுமதி உண்டு. உரிம எண்ணை அவர்கள் தங்கள் வாகனத்திலும் விலைச்சீட்டிலும் காட்ட வேண்டும், அதை நீங்கள் இணையத்தில் சரிபார்க்கலாம். இங்கே ஒரு தந்திரம் நடக்கிறது: வீட்டுக்காரர் தன் வீட்டில் தானே வேலை செய்ய அனுமதி எடுக்கலாம் என்பதால், "உங்கள் பெயரிலேயே எடுத்துவிடுங்கள், மலிவு" என்பார்கள். அப்படிச் சொன்னால் அவரிடம் உரிமம் இல்லை என்று பொருள் கொள்ளுங்கள். நாளை ஏதாவது நடந்தால் கையெழுத்து உங்களுடையது. எரிவாயு உலையையோ அடுப்புக் குழாயையோ தொடுபவருக்கு ரி.எஸ்.எஸ்.ஏ. என்ற மாகாணத் தொழில்நுட்பப் பாதுகாப்பு அதிகாரசபையின் பதிவு வேண்டும். ஓடு பதிப்பவரும் வர்ணம் பூசுபவரும் அவ்வளவு கவலைக்குரியவர்கள் அல்லர். அவர்கள் பிழைவிட்டால் அது கண்ணுக்குத் தெரியும். மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் சுவருக்குள் போவதால் அங்கேதான் கஞ்சத்தனம் கூடாது. உங்கள் வீடு 1960களின் நடுப்பகுதிக்கும் 1970களின் இறுதிக்கும் இடையில் கட்டப்பட்டதானால் அலுமினிய வயர் இருக்கிறதா என்றும் பார்ப்பியுங்கள், காப்புறுதிக்காரர் கட்டாயம் கேட்பார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதிப் பணத்தை முன்னுக்கே கேட்பவர் உங்கள் பணத்தில் வேறொருவரின் வேலையை முடிக்கிறார். நான் பத்து வீதத்துக்கு மேல் முற்பணம் கொடுப்பதில்லை. மீதியை மரச்சட்டம், மின்சாரமும் குழாயும், சுவர் மூடல் என்று கட்டம் கட்டமாக, அதுவும் பரிசோதகர் வந்து போன பிறகுதான் கொடுப்பேன். ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்துவைத்து, வேலை முடிந்து 60 நாள் வரை வைத்திருக்க இங்குள்ள கட்டுமானச் சட்டமே சொல்கிறது. அதைக் கேட்டதும் எங்கள் ஆட்களில் சிலர் கோபித்துக்கொள்வார்கள். சட்டம் தெரிந்தவர் கோபிக்க மாட்டார்.

எங்கள் ஆட்களா என்ற கேள்விக்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இங்கே வந்து முறையாகப் படித்து, உரிமம் எடுத்து, ஊரில் மரவேலை செய்யும் ஓடாவியைப் போல் ஒரு மூட்டுக்கூடப் பிசகாமல் பொருத்தும் தமிழர்களை நான் அறிவேன். என் இரண்டாவது வீட்டை அப்படியொருவர்தான் திருத்தினார், வெளியாட்களைவிட நாலாயிரம் டொலர் கூடக் கேட்டார், கொடுத்தேன். கலியாண வீட்டில் அறிமுகமாகி, ஊர்ப்பெயர் சொல்லிக் கைகுலுக்குபவர்கள் வேறு ரகம். அவர்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் கேட்டால், நம்பிக்கையில்லையா என்று திருப்பிக் கேட்பார்கள். முப்பது வருடம் இங்கே இருந்து நான் கற்றுக்கொண்ட நாகரிகம், அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்வதுதான்.

இன்னொன்று. சுவர்ப் பலகை அடிப்பதற்கு முதல்நாள், ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவைப் பிடித்தபடி கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். என்னிடம் அப்படி எண்பத்தாறு படங்கள் இருக்கின்றன. போன மாதம் என் நிலக்கீழ்த்தளத்தில் குடியிருக்கும் மாணவன் தொலைக்காட்சி மாட்ட வேண்டுமென்று கேட்டபோது, அந்தப் படங்களில் ஒன்றைத் தேடியெடுத்து, குழாய் எங்கே போகிறதென்று பார்த்துவிட்டுத்தான் துளைபோட விட்டேன்.