ஸ்னூக்கர் பிரேக்: வெள்ளை ஊடு வந்து சேரணும்

பிரேக், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி, அடித்தவுடனே எதிராளிக்குக் குழியில் போட சுலபமான சிவப்புப் பந்து ஒன்று அமைந்துவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கோவையில் நான் பழகத் தொடங்கிய புதிதில் எனக்கும் இதே கதைதான். கேரம் ஆடி வளர்ந்த கை. காய்களைச் சிதறடித்தால்தான் ஆட்டம் என்று நினைத்து முழு பலத்தோடு அடிப்பேன். பார்லரில் பாயிண்ட் குறிக்கும் மார்க்கர் அண்ணன் ஒருநாள் சொன்னார்: “சிவப்பப் பாக்காதீங்க தம்பி. வெள்ளை ஊடு வந்து சேந்துச்சான்னு பாருங்க.”

வெள்ளை என்பது நாம் க்யூவால் (ஆடும் கோலால்) அடிக்கும் பந்து. ஊடு என்று அவர் சொன்னது நாம் நின்று அடிக்கும் பக்கத்துக் குஷனை, அதாவது மேஜை ஓரத்து ரப்பர் தடுப்பை. பிரேக் என்பது பந்தைக் குழியில் போடுவதற்கான ஷாட் இல்லை, அது சேஃப்டி, அதாவது எதிராளிக்கு சுலபமான அடி கிடைக்காமல் செய்யும் ஷாட்.

வெள்ளையை நம் பக்கத்துக் கோட்டில் இருக்கும் பிரவுன் பந்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே, மஞ்சள் பக்கமாக வையுங்கள். முக்கோணமாக அடுக்கிய சிவப்புகளில் கடைசி வரிசையின் வலது ஓரச் சிவப்பைக் குறிபாருங்கள். பந்தில் கால்வாசி அளவுக்குப் பட்டால் போதும். வலது சைடு கொடுங்கள், அதாவது வெள்ளையின் வலதுபக்கத்தில் அடித்துச் சுழல விடுங்கள். வெள்ளை எதிர்க்கோடியின் மேல் குஷன், வலது குஷன், இடது குஷன் என்று சுற்றி, பச்சைக்குப் பின்னால் வந்து நம் பக்கக் குஷனில் ஒட்டி நிற்க வேண்டும். அப்படி நின்றால் எதிராளி குஷன் மேல் கை வைத்து, பந்தின் தலையை மட்டும் தொட்டு, 12 அடி மேஜையின் அந்தக் கோடிக்கு அடித்தாக வேண்டும்.

பலரும் சறுக்குவது சைடில்தான். குறைந்தால் வெள்ளை திரும்பும்போது பல நேரம் நீலத்தில் முட்டி நடு மேஜையிலேயே நின்றுவிடும். சரியாகக் கொடுத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. வலதுபக்கம் அடிபட்ட வெள்ளை முதலில் கொஞ்சம் இடதுபக்கம் விலகும். அதனால் நினைத்ததைவிடத் தடிப்பாக, அதாவது சிவப்பில் அதிகமாகப் பட்டு சிவப்புகள் கலைந்துவிடும். இன்னும் கொஞ்சம் மெல்லிசாகக் குறிவையுங்கள், க்யூவின் பின்முனையைத் தூக்காமல் படுக்கையாக விட்டு அடியுங்கள். ரொம்ப மெல்லிசாகப் போய் சிவப்பில் படவே இல்லை என்றால் குறைந்தது 4 பாயிண்ட் ஃபவுல்.

அப்புறம் வேகம். பெரிய போட்டிகளில் மேஜைக்கு அடியில் சூடேற்றுவார்கள். நான் ஆடும் பார்லரில் அது கிடையாது, ஆடிச் சாரலில் துணி ஈரம் குடித்து பந்து இழுத்துக்கொண்டுதான் வரும். அந்த நாட்களில் கொஞ்சம் கூடுதலாக அடிப்பேன்.

பழக 15 சிவப்பையும் அடுக்க வேண்டாம். அந்த ஓரச் சிவப்பை மட்டும் அதன் இடத்தில் வைத்து அரைமணி நேரம் அடியுங்கள். அது எங்கே போனாலும் போகட்டும், வெள்ளையை மட்டும் கவனியுங்கள். நான் இப்படி இரண்டு மாதம் அடித்த பிறகுதான் பத்துக்கு ஆறு தடவையாவது வெள்ளை பச்சைக்குப் பின்னால் வந்து நிற்க ஆரம்பித்தது.